மேலுக்கும் கீழுக்குமான கை

இரண்டு ராஜா. பெனில்டா சீட்டைக் கையில் எடுக்கவில்லை, மேசையில் கவிழ்ந்தபடியே ஓரத்தை நகத்தால் நெம்பி எட்டிப் பார்த்தாள். இஸ்பேட் ராஜாவுக்கு மீசை இருந்தது, ஆட்டின் ராஜாவுக்கு இல்லை, ஐந்து வருஷமாக இதே சீட்டுக்கட்டை வைத்துத்தான் ஆடுகிறோம், இதைக் கவனிக்கவே இல்லையே என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் காது மடல் சூடாகிவிட்டது, முகத்தில் ஏதும் தெரிந்திருக்குமோ என்று டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். குடித்ததுதான் தப்பு. நல்ல சீட்டு வந்தால் பெனில்டாவுக்குத் தாகம் எடுக்கும் என்பது எதிரே உட்கார்ந்திருந்த கஸ்பார் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் கப்பலில் இருந்துவிட்டு வந்த மனுஷன், அலையைப் பார்த்துக் காற்றைச் சொல்லுகிறவருக்கு ஐம்பத்து மூன்று வயதுக்காரி ஒருத்தியின் தொண்டையைப் பார்த்துச் சீட்டைச் சொல்லத் தெரியாதா? ஆனால் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, தன்னுடைய மூன்று சீட்டைப் பார்த்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பெனில்டாவின் கூடப்பிறந்த அண்ணன் பெண்சாதி டெல்பின் மைனி, பூசைக்குக் கட்டின பட்டுச்சேலையை இன்னும் மாற்றாமல், மக்ரூனைத் தின்றுகொண்டே சீட்டைப் பார்த்தாள். இந்தப் பக்கம் இஞ்ஞாசி, நாற்பது வயது, படகு ஓட்டப்போகிறவன், காலை ஆட்டிக்கொண்டே இருந்ததில் மேசையும் கூடவே ஆடியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஊரில் எந்தப் படகும் கடலுக்குப் போகாத நாள், அதனால் கீழே ஐஸ் அரைக்கிற மிஷினும் சும்மா கிடந்தது, மாடியில் இந்த ஆபீஸ் அறையில் மின்விசிறி மட்டும் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. மற்ற நாட்களில் இதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் படகுகளைக் கூப்பிடுகிறவள் பெனில்டாதான். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஐஸ் கம்பெனியில் அவள் வேலை அது, முறை வந்த படகைப் பெயர் சொல்லி அழைப்பது, சகாய மாதா வரலாம், அந்தோணியார் துணை வரலாம், ஜெரோம் மகன் ரெண்டாம் நம்பர் கொஞ்சம் பொறுக்கணும். எத்தனை பெயரைக் கூப்பிட்டிருப்பாள், அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

அதுதான் விஷயம். கணவாய் குஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு ஃபைபர் படகு இந்த நிமிஷம் கட்டுகிற இடத்தில் தயாராக நிற்கிறது, இந்த நாலு பேரும் அதற்குப் பங்காளிகள், மூன்று மாதமாகப் பெயருக்குச் சண்டை. நாளைக் காலை எழுதுகிறவர் பெயிண்ட் டப்பாவோடு வந்துவிடுவார், வருகிற ஞாயிறு கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார், மந்திரித்த கையோடு படகு கடலில் ஒரு சுற்றுப் போய் வரும். அந்த முதல் சுற்றில் அணியத்தில், அதாவது படகின் முன்னால், மெழுகுதிரி பிடித்துக்கொண்டு சாமி பக்கத்தில் நிற்பது யார் என்று அதற்கு ஒரு சண்டை. இஞ்ஞாசி தன் மச்சினனை நிறுத்தியே தீரவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது என்றான். கடைசியில் கஸ்பார் அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார். நாம் ஞாயிறு தவறாமல் ஆடுகிற ஆட்டம் எது, மேல் கீழ் ஆட்டம். அதில் ஜெயிப்பே இரண்டு பாதிதானே. ஒரே ஒரு கை ஆடுவோம், மேல் ஜெயித்தவர் சொல்லுகிற பெயர் படகுக்கு, கீழ் ஜெயித்தவர் சொல்லுகிற ஆள் அணியத்துக்கு. மனசுக்குள் இருக்கிற பெயரை ஆளுக்கு ஒரு தாளில் எழுதி மடித்து அவரவர் டம்ளருக்கு அடியில் வைக்கணும். ஜெயித்தவர் தாளைப் பிரித்து வாசிக்கலாம், தோற்றவர்கள் தாளைப் பிரிக்காமலே கிழித்துப் போடணும், பிறகு அதைப்பற்றிப் பேச்சே கூடாது. பெனில்டா தன் தாளில் எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எழுதி மடித்த பிறகு மறுபடி ஒரு மடிப்பு மடித்தாள். அதில் அவள் எழுதியிருந்தது பெனில்டா.

யாரும் செய்யாத காரியம். படகுக்குப் பெயர் வைக்க முறை இருக்கிறது, புனிதர்கள் பெயர் வைக்கலாம், செத்துப்போன அப்பன் ஆத்தாள் பெயர் வைக்கலாம், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை பெயர் வைக்கலாம். டெல்பின் மைனி கத்தாரில் இருக்கிற பேத்தி பெயரைத்தான் எழுதியிருப்பாள், இஞ்ஞாசி யாராவது ஒரு புனிதர், கஸ்பார் அண்ணன் மோட்சத்துக்குப் போன பெண்சாதி. நரை விழுந்த பொம்பிளை, கல்யாணம் ஆகாதவள், நேற்றுக்கூட மார்க்கெட்டில் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவள், தன் பெயரைத் தானே எழுதி வைப்பாளா? அப்பா படகு வாங்கினபோது பெனில்டாவுக்கு எட்டு வயது. அந்த வருஷம் பிறந்தவள் தங்கச்சி, அதனால் படகுக்கு மெர்லின் என்று பெயர், அடுத்த படகுக்கு உன் பேருட்டி என்று அப்பா சொன்னார், சொன்னது பொய்யில்லை, அடுத்த படகுதான் வரவில்லை. அழுதாளா என்ன, அழவில்லை, மெர்லின் கரைக்கு வருகிறபோதெல்லாம் முதல் ஆளாக ஓடினவள் அவள்தான். ஆனாலும் ஆசை என்பது எங்கே போய்விடும், நாற்பத்தைந்து வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்து, பங்கு போடலாமா என்று மைனி கேட்ட அன்றைக்கு எழுந்து நின்றது. வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது, அதற்கு மேல் சந்தோஷமாக இருந்தது.

இப்போது இந்த ராஜாக்களை என்ன செய்ய. ஆளுக்கு ஏழு சீட்டு, முதலில் மூன்று, இரண்டு கவிழ்த்து ஒன்று திறந்து, அப்புறம் ஒவ்வொன்றாக நாலு. ஏழில் நல்ல ஐந்தை எடுத்து மேலுக்குப் போகலாம், ஜோடி, இரட்டை ஜோடி, ஒரே மாதிரி மூன்று, அதற்கு மேல் வரிசையாக ஐந்து, அதற்கும் மேல் ஒரே ஜாதியில் ஐந்து, அதையும் மிஞ்சியது ஒரே மாதிரி மூன்றும் கூட ஒரு ஜோடியும். அல்லது ஏழில் உள்ளதிலேயே சின்ன ஐந்தை எடுத்துக் கீழுக்குப் போகலாம், எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, ஆஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது. கஸ்பார் அண்ணன் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தபோது கப்பலில் கற்ற பாடத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார், இந்த ஆட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் முதல் மூன்று சீட்டிலேயே முடிந்துவிடும், அந்த மூன்றையும் பார்த்து உட்காரத் தெரியணும், எழுந்து போகத் தெரியணும். படம் போட்ட சீட்டைப் பார்த்துப் பல்லைக் காட்டக்கூடாது. ராஜாவுக்கு மேலே போகத்தான் தெரியும், கீழே இறங்கத் தெரியாது, எவ்வளவு நன்றாக வந்தாலும் பாதிதான். சின்ன சீட்டு மூன்று பக்கத்துப் பக்கத்தில் வந்தால், அது கீழுக்கும் போகும், வரிசை சேர்ந்தால் மேலுக்கும் போகும். பாதிக்கென்று உட்காருகிறவன் பாதி நேரம் அந்தப் பாதியும் இல்லாமல் எழுந்து போவான். இதைச் சொல்லும்போது கஸ்பார் அண்ணனுக்குக் கோயில் பிரசங்கம் மாதிரி குரல் இறங்கிவிடும். மற்ற மூன்று பேரில் அதைக் கேட்டு நடந்தவள் பெனில்டா ஒருத்திதான். மைனி எதையும் எறியமாட்டாள், கிழிந்த பாயைக்கூட எறியாத பொம்பிளை, சீட்டையா எறிவாள்? இஞ்ஞாசிக்கு ராணியைப் பார்த்தால் போதும்.

ஆனால் இன்றைக்கு அவளுக்கு வேண்டியதே பாதிதானே? பெயர் என்பது மேல் பாதி. இரண்டு ராஜா மேலுக்குப் பாதி வழி வந்த மாதிரி. இதை எறிவது புத்தியுள்ளவள் செய்கிற காரியமா? அணியத்தில் நிற்கிறது அவள் ஆசையா என்று கேட்டால், அதுவும் உண்டு, இல்லை என்று யார் சொன்னது? இருபத்தெட்டு வருஷமாகப் படகைக் கூப்பிட்டு ஐஸ் ஏற்றி அனுப்புகிறவள் ஒருநாள்கூடப் படகில் ஏறிக் கடலைப் பார்த்ததில்லை, பெண்கள் ஏறுகிற வழக்கமில்லை, கரை வரைக்கும்தான். ஆட்டத்தில் ஜெயித்தால் யாராக இருந்தாலும் ஏறலாம் என்று கஸ்பார் அண்ணன் வாயால் சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் முழுசாகவே ஆசைப்படுகிறாளா? பேராசை. பேராசைதான், இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைய ஆட்டத்துக்கென்று ஒரு சலுகை இருந்தது, முதல் மூன்று சீட்டு பிடிக்காவிட்டால் ஸ்கூட் என்று சொல்லி எறிந்துவிட்டு வேறு மூன்று வாங்கலாம், இரண்டு தடவை மட்டும், அதன்பிறகு வந்ததை வைத்து ஆடியே ஆகவேண்டும். மற்ற ஞாயிறுகளில் ஸ்கூட் என்றால் அந்தக் கையை விட்டு ஒதுங்குவது, அதில் பெனில்டாவை மிஞ்ச ஆள் கிடையாது, நாலில் மூன்று கையை எறிந்துவிடுவாள், கஸ்பார் அண்ணன் மெச்சுவார், இவதான்யா ஆட்டக்காரி என்பார். மெச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் வரும், இது ஆட்டமா அல்லது பயமா என்று. எறிவதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் இருந்ததே. பாட்டுக் குழுவில் தனியாகப் பாடு என்று கன்னியாஸ்திரி சொன்னபோது தொண்டை கட்டியிருக்கிறது என்றாள், ஸ்கூட். நாகர்கோவிலில் போஸ்ட் ஆபீஸ் வேலை வந்தபோது அம்மாவுக்கு முடியவில்லை என்றாள், ஸ்கூட். மணப்பாட்டு மாப்பிள்ளை, நல்ல மனுஷன், சிரித்தால் கன்னத்தில் குழி விழும், யோசித்துச் சொல்கிறேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள், அவருக்கு இப்போது பேரன் இருக்கிறான். பாடத்தில் ஒரு பாதியைத்தான் அவள் கற்றிருக்கிறாள் என்று இந்த நிமிஷம் படுகிறது, எறிவது எதற்கு என்று அண்ணன் சொன்ன மறுபாதியை விட்டுவிட்டாள். எறிவது ஒதுங்கிப் போவதற்கு இல்லை, வருகிறபோது உட்காருவதற்கு. பெனில்டா ராஜா இரண்டையும் கிளாவர் ஒன்பதையும் சேர்த்துக் கவிழ்த்து முன்னால் தள்ளி, ஸ்கூட் என்றாள். யாருக்கும் தெரியாது அவள் எறிந்தது என்னவென்று, அது ஒரு வசதி.

வந்ததைப் பார்த்தாள். ஜாக்கி, பத்து, நாலு. ஆண்டவரே என்று மனசு சொன்னது, வாய் சொல்லவில்லை. ராஜா ஜோடியை எறிந்தவளுக்கு இது வேண்டியதுதான், சோற்றைக் கொட்டிவிட்டுக் கஞ்சிக்கு அலைகிற கதை, ஜாக்கியின் பக்கவாட்டு முகம் இஞ்ஞாசியின் மச்சினன் மாதிரியே இருந்தது, அணியத்தில் மெழுகுதிரியோடு நிற்கிறான், படகின் நெற்றியில் செயின்ட் யாரோ. மறுபடி ஸ்கூட் என்றாள். கஸ்பார் அண்ணன் இமையைத் தூக்கிப் பார்த்தார், ரெண்டும் போச்சு, இனி வர்றதை வாங்கிக்கிடணும் என்று நினைவுபடுத்தினார். அவர் ஒரு தடவை எறிந்திருந்தார், இஞ்ஞாசியும் ஒரு தடவை. மைனி எறியவே இல்லை, திறந்து கிடந்த டைமன் ராணியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று வந்தது. பெனில்டாவுக்குப் பார்க்கப் பயமாக இருந்தது, திறந்து விழுந்தது இஸ்பேட் ஐந்து, சரி, கெட்டதில்லை, கவிழ்ந்ததில் ஒன்றை நெம்பினாள், ஆட்டின் நாலு, இன்னொன்றை நெம்பாமலே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். மூன்றாக இருக்கலாமே, ஆறாக இருக்கலாமே, ராணியாகவும் இருக்கலாம், பார்க்காத வரைக்கும் எல்லாமாகவும் இருக்கிறது. நெம்பினாள். கிளாவர் மூன்று. மூன்று நாலு ஐந்து, சின்னது, பக்கத்துப் பக்கம், கீழுக்கும் போகிற கை, மேலுக்கும் போகிற கை, படம் ஒன்றுகூட இல்லாத ஏழைக் கை. அவளுக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தண்ணீர் குடிக்கக்கூடாது, குடிக்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

நாலாவது சீட்டு, எல்லாருக்கும் தெரியத் திறந்து, அவளுக்கு விழுந்தது டைமன் ராஜா. பார்த்தவுடன் வாய்விட்டே சிரித்துவிட்டாள், எறிந்த ராஜாக்களுக்காக அவர்கள் தம்பி பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி இருந்தது, என்னட்டி சிரிக்க என்று மைனி கேட்டாள், ஒன்றுமில்லை மைனி என்றாள். சிரித்த வாயோடேயே ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெயித்துவிட்டால்? தோற்றால் ஒரு கஷ்டமும் இல்லை, தாளைக் கிழித்துவிடுவார்கள், அவள் பைத்தியக்காரத்தனம் யாருக்கும் தெரியாது. ஜெயித்தால் வாசிப்பார்கள். வாசித்தால் ஊருக்கே தெரியும். படகுக்குப் பெயர் என்றால் சும்மா எழுதிவைப்பதோடு போகுமா, நாள் முழுக்கக் கரையில் அந்தப் பெயரைச் சொல்லித்தானே பேசுவார்கள். பெனில்டா இன்னும் கரைக்கு வரல்லியே. பெனில்டாவுக்கு அடியில் பாசி பிடித்திருக்கு, தேய்க்கணும். பெனில்டா மணலில் தட்டி நிற்கிறாள், பத்துப் பேர் சேர்ந்து தள்ளணும். இந்த வருஷம் பெனில்டாவுக்குப் பெயிண்ட் அடித்தாச்சா? நினைக்க நினைக்கக் கன்னம் சூடானது, அத்தனை ஆம்பிளைகளும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றிலை எச்சில் துப்பிக்கொண்டே அவள் பெயரைச் சொல்லப்போகிறார்கள், அவளோ இந்த மாடியில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்து, தன் வாயாலேயே, பெனில்டா ஐஸ் ஏற்ற வரலாம் என்று கூப்பிடவேண்டும். எப்படிக் கூப்பிடுவாள்? மனசுக்குள் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பெனில்டா வரலாம். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் நீட்டி. யாரும் அவளை இப்படி அழைத்ததில்லை, வரலாம் என்று, இத்தனை மரியாதையாக. வயதுபோன காலத்தில் பேர் கேட்குது என்று சொல்லுவார்களோ, சொல்லட்டும், செத்தபிறகு வைத்தால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள், கல்லறையில் எழுதுகிறார்களே, அதை எந்தப் பிணம் வாசித்தது?

ஐந்தாவது சீட்டு ஆஸ். இஸ்பேட் ஆஸ், மேசையில் விழுந்தபோது சத்தமே இல்லை. ஆறாவது கிளாவர் பத்து, அது போகட்டும். வெளியே பார்க்கிறவனுக்கு அவள் கை ஐந்து, ராஜா, ஆஸ், பத்து, குப்பை, ஏலத்தில் கடைசியாக மிஞ்சுகிற கூடை. உள்ளே மூன்றும் நாலும் இருப்பது அவளுக்கு மட்டும் தெரியும், ஆஸ் மூன்று நாலு ஐந்து, நடுவில் ஒரு இடம் காலி. இரண்டு வரவேண்டும். மற்றவர்களைப் பார்த்தாள். இஞ்ஞாசிக்கு ஏழு, இரண்டு, எட்டு, நாலு, எல்லாம் சின்னது, இவன் கீழுக்குப் போகிறான், காலாட்டம் நின்றுவிட்டதே, நல்ல கீழ்தான் வைத்திருக்கிறான், போகட்டும், ஒரு இரண்டை வேறு அவன் தின்றுவிட்டான். மைனிக்கு ராணி இரண்டு, ஓர் எட்டு, ஓர் ஆறு, ராணி ஜோடி பல்லிளிக்கிறது. கஸ்பார் அண்ணனுக்குத் திறந்து கிடந்ததில் மூன்று சீட்டு டைமன், ஒன்பதும் ஜாக்கியும் ஏழும், அதோடு ஆட்டின் ஒன்பது. உள்ளே இரண்டு டைமன் இருந்தால் ஒரே ஜாதியில் ஐந்து, அவள் வரிசை சேர்ந்தாலும் அவருக்குக் கீழேதான். அண்ணன் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று பார்த்தாள். மூக்கைச் சொறிந்தார். நல்ல சீட்டுக்கும் சொறிவார், கெட்ட சீட்டுக்கும் சொறிவார், கப்பல்காரர்.

ஏழாவது சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினார்கள். பெனில்டா அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கண்ணையும் மூடினாள். கன்னியாஸ்திரி, போஸ்ட் ஆபீஸ், கன்னத்துக் குழி, ஒன்றும் ஞாபகம் வரவில்லை, வந்தது கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறதா இறக்கினோமா என்ற கவலை, இறக்கியாயிற்று, அடுப்பையும் அணைத்தாயிற்று, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தோமா, கொடுத்தோம். ஓரத்தை நெம்பினாள். ஆட்டின் புள்ளி ஒன்று தெரிந்தது, மேல் ஓரத்து மத்தியில், ஒரு புள்ளி என்றால் இரண்டு அல்லது மூன்று, இன்னும் கொஞ்சம் நெம்பினாள், நடுவில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. இரண்டு. ஆட்டின் இரண்டு. ஆஸ், இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இதைவிடச் சின்னது சீட்டுக்கட்டிலேயே கிடையாது, கீழ் அவளுடையது, மாதாவே வந்து ஆடினாலும் இதைக் கீழே வெல்லமுடியாது, மேலுக்கும் இது வரிசையாக ஐந்து. எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. முட்டி வலிக்கும், உட்கார்ந்தே இருந்தாள்.

இனிமேல்தான் ஆட்டம். ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை, மேசைக்கு அடியில் கையைக் கொண்டுபோய், கீழுக்குப் போகிறவர் வெறுங்கையை மூடிக்கொண்டு வரணும், மேலுக்குப் போகிறவர் ஒரு கொட்டை, இரண்டுக்கும் போகிறவர் இரண்டு கொட்டை. எல்லாரும் ஒரே நேரத்தில் கையை விரிக்கணும். இரண்டு என்று சொல்லி ஒன்றில் தோற்றால் இரண்டும் போய்விடும். பெனில்டா கையை மடியில் வைத்துக்கொண்டு புளியங்கொட்டைகளை உருட்டினாள், ஒன்று வழவழப்பாக இருந்தது, ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. வெறுங்கை என்றால் நிச்சயம், அணியம் அவளுக்கு, கடல் அவளுக்கு, யாரும் சிரிக்கமாட்டார்கள், தாளும் கிழிந்துவிடும், நல்ல பாதி, பயமில்லாத பாதி. ஒன்று என்றால் பெயர், அதுவும் அண்ணனிடம் ஐந்து டைமன் இல்லாவிட்டால். இரண்டு என்றால் எல்லாம், அல்லது ஒன்றும் இல்லை. டைமனை எண்ணினாள், அண்ணனிடம் மூன்று, என்னிடம் ராஜா, மைனியிடம் ராணி, இஞ்ஞாசியின் எட்டும் டைமன், ஆறு போச்சு, பாக்கி ஏழு எங்கேயோ கிடக்கிறது, அதில் இரண்டு அண்ணனிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மைனியிடம் மூன்று ராணி இருந்தால் பரவாயில்லை, ராணி மூன்றும் எட்டு இரண்டும் இருந்தால் போச்சு. வெறுங்கை, வெறுங்கை என்று விரல் சொன்னது, விரலுக்குப் பழக்கம். எறிந்து பழகின விரல். கொட்டையைக் கீழே நழுவவிடப்போனாள், அப்போதுதான் ஒன்று புலப்பட்டது, இத்தனை நேரம் மூன்று வழி என்று நினைத்தோமே, மூன்று எங்கே இருக்கிறது? கீழ்தான் தோற்காதே. அப்படியானால் பெயருக்கென்று துணிந்தால் அதே துணிச்சலில் கடலும் சேர்ந்துதான் வருகிறது, ஒன்றுக்கு மேல் இரண்டாவது கொட்டைக்குக் கூடுதலாக ஒரு ஆபத்தும் இல்லை. பாதிக்குத் துணிவதற்கும் முழுசுக்குத் துணிவதற்கும் ஒரே பயம்தான். இது எவ்வளவு எளிதான கணக்கு, ஐம்பத்து மூன்று வருஷம் ஆயிற்று போட்டுப் பார்க்க. ஏட்டி, கையைக் கொண்டா என்று மைனி அதட்டினாள். பெனில்டா கையை மேசைமேல் வைத்தாள்.

விரித்தார்கள். இஞ்ஞாசியின் கை வெறுமை. மைனி கையில் ஒரு கொட்டை. கஸ்பார் அண்ணன் கையில் ஒரு கொட்டை. பெனில்டாவின் வேர்த்த உள்ளங்கையில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கஸ்பார் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அவள் மேசையில் திறந்து கிடந்த குப்பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மைனி முதலில் சீட்டைத் திருப்பினாள், ராணி ஜோடி, எட்டு ஜோடி, அவ்வளவுதான். இஞ்ஞாசி ஏழில் முடிகிற கீழ் வைத்திருந்தான், மற்ற நாளாக இருந்தால் ஜெயிக்கிற கை. கஸ்பார் அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பினார், முதலில் டைமன் மூன்று, இன்னும் ஒரு டைமன் வந்தால் போச்சு, அடுத்தது கிளாவர் இரண்டு, அடுத்தது இஸ்பேட் ஒன்பது. டைமன் நாலுதான். ஒன்பது மூன்று. ஒன்பது ஜோடியை முதல் மூன்று சீட்டிலேயே வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்காகப் பிரசங்கம் செய்த மனுஷன் பாதிக்கென்று உட்கார்ந்திருக்கிறார்! பெனில்டா தன்னுடையதைத் திருப்பி வரிசையாக அடுக்கினாள், ஆஸ், இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பிறகு கஸ்பார் அண்ணன் காதுவரைக்கும் சிரித்தார், நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பிக் கொடுத்துட்டா பாத்தியளா என்று மைனியிடம் முறையிட்டார். பெனில்டாவுக்குக் காது அடைத்திருந்தது, அடுத்தது என்ன என்பது மட்டும் தெரிந்தது, அண்ணன் அவள் டம்ளரைத் தூக்கி அடியிலிருந்த தாளை எடுத்தார், கண்ணாடியை மூக்கில் ஏற்றினார், ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, இந்த அம்மா எத்தனை மடிப்பு மடிச்சிருக்கா என்றார், பிரித்து உள்ளுக்குள் வாசித்தார். அவர் முகத்தில் சிரிப்பு அடங்கியது. கிழித்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம், இப்போதுகூடச் சொல்லிவிடலாம், விளையாட்டுக்கு எழுதினேன் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை.

“பெனில்டா” என்றார் அவர்.

“அவளை எதுக்குக் கூப்பிடுதீய, தாளை வாசியுங்க” என்றாள் மைனி.

“வாசிச்சாச்சும்மா. அதான் எழுதியிருக்கு.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். முகம் எரிந்தது, முதுகில் வேர்வை இறங்கியது, ஆனாலும் அவளுக்குள் இருந்தது பயம் இல்லை, பயம் வந்து உட்காருகிற இடத்தில் வேறு யாரோ கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். “என் பேருதான்” என்றாள், தொண்டை கட்டாமல் வந்தது குரல். “மாதா பேரும் இல்ல, செத்தவங்க பேரும் இல்ல. எனக்கு ஆசையா இருந்துச்சு, எழுதினேன். அணியத்துலயும் நான்தான் நிக்கப்போறேன்.” மைனி பாதி தின்ற மக்ரூனைக் கீழே வைத்துவிட்டு, படகுல ஏறுறதுக்கு நீ கட்டியிருக்க இந்த வாயல் சேலை சரிப்படாது, நல்லதா ஒண்ணு எடுக்கணும் என்றாள், அவள் பாணியில் அது சம்மதம். கஸ்பார் அண்ணன் தாளை மறுபடி மடிக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இஞ்ஞாசிக்கு மச்சினன் ஞாபகம் வந்திருக்கவேண்டும், தலையைச் சொறிந்தான், ஆனால் சொறிந்து முடிப்பதற்குள் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பெயர் எழுதுகிறவருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று இவர்களுக்குக் கேட்கவில்லை.

“பெனில்டா” என்றான் இஞ்ஞாசி போனில். “இல்ல வே, புனிதர் இல்ல. பிள்ளை பேரும் இல்ல. எங்க அக்கா.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். “சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, சிலுவைக்குறியெல்லாம் போடாதீரும். உயிரோடதான் இருக்காவ. இந்தா, என் எதிர்ல உக்காந்து சிரிச்சிக்கிட்டிருக்காவ.”

“ரெண்டு பக்கமும் எழுதச் சொல்லு” என்றாள் பெனில்டா.